வெர்னா வீட்டில் கரண்ட் போகாது

சேக்ரமென்டோ
மார்ச் 4, 2019

அன்புத் தம்பி லைலுக்கு,

அக்கா ரொவீனா எழுதுகிறேன். முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு அந்த இருமல் விட்டதா? சிறையிலிருந்து தீயணைப்பு முகாமுக்கு மாற்றிய பிறகு சாப்பாடு பரவாயில்லை என்று எழுதியிருந்தாய். சுவருக்குள் கிடப்பதைவிடக் காட்டில் புதர் வெட்டுவது மேல் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் தீ என்றால் தீதான். வீரம் காட்டுகிறேன் என்று முன்னால் போய் நிற்காதே.

போன் வேண்டாம், கடிதமே போதும் என்று நீ சொன்னதும் நல்லதுதான். நடுவில் அந்தப் பெண்குரல் வந்து 'இது சிறைக்கைதியின் அழைப்பு' என்று சொல்லும்போதெல்லாம் அம்மா அழுதுவிடுகிறாள்.

சேதி என்னவென்றால், எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நான் வேலை பார்த்த சோபாக் கடையை மூடியதிலிருந்து நாலு மாதம் வீட்டில் உட்கார்ந்து பைத்தியம் பிடிக்கிற நிலை. இப்போது சோலார் ஆலோசகர்! சிரிக்காதே. வீடு வீடாகப் போக வேண்டும். அவர்களுடைய கரண்ட் பில்லை வாங்கிப் பார்த்து, கூரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்த மரத்தின் நிழல் எத்தனை மணிக்கு விழுகிறது என்று பார்த்து, எத்தனை பேனல் போடலாம் என்று சொல்ல வேண்டும். மேலாளர் பெயர் டெவ்லின். இருபத்தாறு வயது, வாய் நிறையப் பல். முதல் நாளே, "சோபால உக்காராதீங்க ரொவீனா. அங்க உக்காந்தா நீங்க விருந்தாளி. சமையலறை மேஜைல உக்காந்தா வீட்டு ஆளு" என்றான். இன்னொன்றும் சொன்னான்: "அவங்க கேக்காத கேள்விக்கு நாம பதில் சொல்ல வேணாம்." நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னான். எழுதிக்கொண்டேன்.

மார்ச் முடிவதற்குள் ஐந்து வீட்டில் கையெழுத்து வாங்கினால்தான் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் திரும்பவும் வீடுதான். எனக்கு ஐம்பத்திரண்டு ஆகிறது, இனி யார் வேலை கொடுப்பார்கள்?

அம்மாவுக்கு இப்போது இரவு பகல் ஆக்சிஜன் மெஷின்தான். குளிக்கும்போதுகூட மூக்குக் குழாயைக் கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் மலைக்குப் போய்ப் பார்க்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
ரொவீனா


பைன் ஹாலோ முகாம்
மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. அதற்குப் பதில் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். உன் முட்டிக்கு ஐஸ் வை, கதவு கதவாய் ஏறி இறங்கினால் அது எப்படி ஆறும்?

நீ என் கதவைத் தட்டியிருந்தால் விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்திருப்பேன். ஆனால் நீ நன்றாகச் செய்வாய். உன் முகத்தைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். என் முகத்தைப் பார்த்தால் பையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள். செம்புக் கம்பி திருடினவனுக்கு அவ்வளவுதான் மரியாதை.

ஒரு விஷயம். இந்த வருஷம் காற்று பலமாக அடித்தால், கம்பியிலிருந்து பொறி விழுந்து காடு தீப்பிடிக்காமல் இருக்க, மின்சாரக் கம்பெனியே முன்கூட்டி லைனை அணைத்துவிடுமாம். ஒரு நாளோ, மூன்று நாளோ. முகாமில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அம்மா இருக்கிற சைடர் ரிட்ஜும் அந்த ஊர்ப் பட்டியலில் கண்டிப்பாக இருக்கும். அம்மாவின் மெஷின் கரண்டில்தானே ஓடுகிறது? கொட்டகையில் நான் வாங்கி வைத்த ஜெனரேட்டர் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை ஓடவிடச் சொல். பெட்ரோல் பழசாகிவிட்டால் காற்று வருகிற நாளில் அது கிளம்பாது.

டிசம்பர் 12 எனக்கு விடுதலை. அம்மா கதவைத் திறந்து, "வந்துட்டியாடா தடிப்பயலே" என்று திட்ட வேண்டும். அதற்காகத்தான் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி,
லைல்


சேக்ரமென்டோ
ஏப்ரல் 9

அன்புத் தம்பி,

கொப்புளத்தை உடைக்காதே, அதுவாக ஆறட்டும். இங்கே முட்டி வலிகூடத் தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன். வேலை நிரந்தரமாகிவிட்டது! என் பெயர் போட்ட அட்டை கழுத்தில் தொங்குகிறது.

மார்ச் 31 காலையில் நாலு வீடுதான் கையில் இருந்தது. ஐந்தாவது வீடு எது தெரியுமா? நம் வீடு. அம்மா பன்றி இறைச்சி வறுத்து, உருளைக்கிழங்கு மசித்து வைத்திருந்தாள். நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேப்பரையெல்லாம் விரித்தேன்.

"நெசமாவே ஆலோசகரா, இல்ல வெறும் அட்டைதானா?" என்றாள்.

"உன் பில்லக் குடும்மா, அப்பறம் பேசு" என்றேன்.

தெற்குப் பக்கக் கூரை அருமையான கூரை. ஒரு மரத்து நிழலும் இல்லை. பதினெட்டு பேனல் போடலாம். மெஷின் நாள் முழுக்க ஓடுவதால் அம்மாவின் பில் எங்கேயோ போய்விட்டது, அது பாதியாகக் குறையும். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ அவங்க கரண்ட்ட நிறுத்துனாலும் என் மெஷின் ஓடுமா?" என்றாள்.

"சூரியன யாரும்மா நிறுத்த முடியும்?" என்றேன்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. பிறகு கையெழுத்துப் போட்டாள். மாலையில் டெவ்லின் அலுவலகத்தில் மணி அடித்தான், எல்லோரும் கைதட்டினார்கள்.

ஜெனரேட்டர் விஷயம் சொல்கிறேன். கையைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ரொவீனா


பைன் ஹாலோ முகாம்
மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

வாழ்த்து! கை ஆறிவிட்டது, இப்போது தோல் செருப்புபோல ஆகிவிட்டது. எல்லோரும் நலமா?

உன் கடிதத்தை என் குழுவில் இருக்கிற செடில்லோவுக்குப் படித்துக் காட்டினேன். பத்து வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். 'சூரியன யாரும்மா நிறுத்த முடியும்' என்ற இடம் வந்ததும் அவன் சிரிக்கவில்லை.

"பேட்டரி இருக்கா?" என்றான்.

"எதுக்கு பேட்டரி? வெயில் இருக்குல்ல" என்றேன்.

"டேய், தெருவுல லைன் செத்தா கூரைல இருக்கற பேனலும் செத்துரும். தானா நின்னுரும். அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க. இல்லன்னா இங்கேருந்து கரண்ட் திரும்பி ஓடி, கம்பத்துல ஏறுற லைன்மேன் செத்துருவான். உச்சி வெயில் அடிச்சாலும் வீட்டுக்குள்ள ஒரு பல்பு எரியாது. பேட்டரி வச்சாத்தான் வீடு தனியா ஓடும். நெறைய பேருக்கு இது தெரியாது. விக்கிறவன் சொல்ல மாட்டான்."

என் அக்கா அப்படிப்பட்ட ஆள் இல்லை, பேட்டரி போடாமல் விட்டிருக்க மாட்டாள் என்று சொன்னேன். சரிதானே? ஒரு வரி எழுதிப்போடு, அவன் வாயை அடைக்கிறேன்.

உன் தம்பி,
லைல்


சேக்ரமென்டோ
ஜூன் 20

அன்புத் தம்பி,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வெயில் ஆரம்பித்ததும் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. உனக்குத் தண்ணீர் நிறையக் குடிக்கக் கிடைக்கிறதா? காலுக்கு நல்ல பூட்ஸ் கொடுத்திருக்கிறார்களா?

வீட்டில் பேனல் போட்டாகிவிட்டது. மூன்றே நாளில் முடித்தார்கள். பக்கவாட்டுச் சுவரில் ஒரு பெட்டி, அதில் பச்சை விளக்கு. அம்மா காலையில் எழுந்ததும் குழாயை இழுத்துக்கொண்டே ஜன்னல்வரை போய் அந்த விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிக்கிறாள். சனிக்கிழமைகளில் ரிட்ஜ்காரர்களை நானே அங்கே கூட்டிப்போகிறேன். அம்மா ஆப்பிள் பை வெட்டிக் கொடுத்து, "என் வீட்ல இனிமே கரண்ட் போகாது. எம்பொண்ணு பாத்துக்கிட்டா" என்கிறாள். நான் வாயே திறக்க வேண்டாம். அந்த மேஜையில் மட்டும் நாலு வீடு கையெழுத்தாகிவிட்டது. டெவ்லின் சொல்கிறான், "உங்கம்மாவ நம்ம கம்பெனில சேத்துக்கலாம் போலருக்கே" என்று.

அடுத்த வீட்டு ஓப்பல் ஞாபகமிருக்கிறதா? பள்ளிப் பேருந்து ஓட்டினாளே. அவளும் இப்போது ஆக்சிஜன் மெஷினில்தான். தினமும் வந்து அம்மாவோடு சீட்டு விளையாடுகிறாள். இரண்டு பேரும் பத்து காசுக்குச் சண்டை போடுகிறார்கள்.

வேறென்ன? நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ரொவீனா


பைன் ஹாலோ முகாம்
ஜூலை 2

அக்கா,

நான் நலம். பூட்ஸ் நன்றாக இருக்கிறது. தண்ணீர் கிடைக்கிறது.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்குத்தான் நீ பதில் எழுதவில்லை. பேட்டரி இருக்கிறதா, இல்லையா?

நீ எழுதாவிட்டால் அம்மாவுக்கே எழுதிக் கேட்பேன்.

லைல்


சைடர் ரிட்ஜ்
ஜூலை 18

என் மகன் லைலுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறேன். கால் கொஞ்சம் வீங்குகிறது, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், குறைக்கவில்லை. நீ ஒழுங்காகத் தூங்குகிறாயா? உன் கையெழுத்து கோணலாக இருக்கிறதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. பேனல் ஏமாற்று வேலை, கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும் என்று யாரோ சிறைக்கைதி சொன்னானாம், நீ அதை எனக்கு எழுதுகிறாய். உன் அக்கா அதற்கென்றே பயிற்சி எடுத்தவள், கழுத்தில் அட்டை போட்டிருக்கிறாள். போனில் அவளிடம் கேட்டேன். "அவன் எதையோ பாதி கேட்டுட்டு எழுதிருப்பான்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள். பிறகு என்ன? சின்ன வயதிலிருந்தே அவள் பரிசு வாங்கி வந்தால் நீ எதையாவது உடைப்பாய். இப்போதுமா? அவள் ஒருநாளும் என்னிடம் பொய் சொன்னதில்லை லைல். நீ எத்தனை சொன்னாய் என்று உனக்கே தெரியும். குத்திக்காட்டவில்லை, நீ என் பிள்ளைதான்.

ஜெனரேட்டரைப் பற்றிக் கேட்டிருந்தாய். சர்ச் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டேன். கோடைகால பைபிள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் மெஷின் ஓட்ட வேண்டும் என்று கேட்டார்கள். இங்கே அது சும்மாதானே கிடந்தது? கொடுக்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஓப்பல் வந்துவிட்டாள். நேற்று என்னை ஏமாற்றி ஜெயித்தாள், இன்று விடமாட்டேன். ராத்திரி ஜெபத்தில் உன் பேரைத்தான் முதலில் சொல்கிறேன்.

உன் அம்மா,
வெர்னா


பைன் ஹாலோ முகாம்
ஜூலை 30

அக்கா,

உன் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்க மனசு வரவில்லை. கேட்டுவிட்டேன், சரி.

அம்மாவின் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படி. பாதி கேட்டுவிட்டு எழுதினேனாம்! ஜெனரேட்டரும் போய்விட்டது. இப்போது அந்த வீட்டில் பச்சை விளக்கைத் தவிர ஒன்றும் இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. நேற்று பன்னிரண்டு மணி நேரம் மலைச்சரிவில் தீ தாண்டி வராமல் இருக்க அதற்கு முன்னால் மண்ணைக் கொத்திப் பாதை போட்டோம். அப்போதுகூட இவ்வளவு பயம் இல்லை. நான் சொன்னால் அம்மா நம்ப மாட்டாள். அந்த உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். நீ சொன்னால் உடனே நம்புவாள். ஒரே ஒரு போன். "அம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேன்." அவ்வளவுதான். திட்டுவாள், அழுவாள், மறுநாள் மறந்துவிடுவாள்.

காற்று அக்டோபரில் வரும்.

லைல்


சேக்ரமென்டோ
செப்டம்பர் 8

அன்புத் தம்பி,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். செய்தியில் தீயணைக்கும் கைதிகளின் ஆரஞ்சு உடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் உன் முகத்தைத் தேடுகிறேன். ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

பேட்டரி இல்லை. உண்மைதான். பேட்டரி சேர்த்தால் கவுன்ட்டி நிர்வாகத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டும். ஆக்சிஜன் இருக்கிற வீடு என்றால் தீயணைப்பு ஆள் வேறு வந்து பார்க்க வேண்டும், அதெல்லாம் முடியும்வரை கையெழுத்து கணக்கில் சேராது. அன்றைக்கு மார்ச் 31. பேட்டரி என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தால் அம்மாவின் வீடு அந்த மாதக் கணக்கில் வந்திருக்காது, எனக்கு இந்த வேலையும் இருந்திருக்காது. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் அம்மா எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அப்பா போன பிறகு நான் பார்த்ததில்லை. அந்த மேஜையில் கையெழுத்துப் போட்ட நாலு வீட்டிலும் பேட்டரி இல்லை. அம்மாவிடம் சொன்னால் அவர்களுக்கும் சொல்ல வேண்டும். அந்த ஊரில் அவள் எப்படித் தலைகாட்டுவாள்?

இப்போது பேட்டரிக்குச் சொல்லிவிட்டேன். அக்டோபர் முதல் வாரம் வந்துவிடும். வைத்து முடித்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அதுவரை நீ அம்மாவுக்கு எழுதாதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அன்புடன்,
ரொவீனா


தீக்களம்
அக்டோபர் 5

அக்கா,

முழங்காலில் வைத்து எழுதுகிறேன், கோணலாக இருக்கும். உடம்புக்கு ஒன்றுமில்லை, புகையில் கண் மட்டும் எரிகிறது. எங்களை வடக்கே வேறொரு தீக்கு அனுப்பியிருக்கிறார்கள். இங்கே எங்களுக்குப் போன் கிடையாது. கேப்டன் ஊருக்குள் போகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் உனக்குக் கிடைத்துவிடும் என்கிறார்.

புதன்கிழமை காற்று வருகிறது. சாதாரணக் காற்று இல்லை. காலையில் வரைபடத்தைக் காட்டினார்கள், நம் மலை முழுக்கச் சிவப்பு. லைனை அணைக்கப்போகிறார்கள், சந்தேகமே இல்லை.

பேட்டரி வந்துவிட்டதா? வந்திருந்தால் நல்லது. வராவிட்டால் என்ன சாக்கு வேண்டுமானாலும் சொல், காரை எடு, அம்மாவைக் கீழே கூட்டி வந்துவிடு. உன் பிறந்தநாள் என்று சொல், உனக்கு நெஞ்சுவலி என்று சொல். இன்னும் ஒரு பொய் சொல்ல வேண்டுமானால் அதைச் சொல். அவளை அந்த வீட்டில் விடாதே.

லைல்


சேக்ரமென்டோ
அக்டோபர் 28

தம்பி லைலுக்கு,

அம்மா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள், மலைக்குத்தான். என் வீட்டுக்கு வர மாட்டேன் என்றாள். இந்தக் கடிதம் வருகிற நேரத்தில் நீ பத்திரமாக முகாமுக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை காலையே கிடைத்துவிட்டது. பேட்டரிக்குச் சொல்லியிருப்பதாக எழுதினேன் அல்லவா, அது பொய். புதிதாகச் சேர்க்க வேண்டுமானால் அம்மா இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும். ஏன் என்று கேட்பாள். அதனால் நான் கேட்கவே இல்லை.

செவ்வாய் மத்தியானம் அம்மா போன் பண்ணினாள். குரலில் ஒரே குதூகலம். "ரொவீனா, நாளைக்கு ஊர் முழுக்கக் கரண்ட் கிடையாதாம். ஓப்பலோட மகன் கர்ட்டிஸ் அவள ஸ்டாக்டனுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு வந்து நிக்கறான். எதுக்குடா இந்த வயசுல அவள அலைக்கழிக்கறேன்னு சொல்லிட்டேன். எங்கிட்ட விடு, இந்த ரிட்ஜ்லயே கரண்ட் இருக்கப்போற வீடு இதுதான்னேன். ஆக்சிஜன் சிலிண்டர் கிலிண்டர் எதையும் சொமந்துக்கிட்டு வராத, மெஷின மட்டும் எடுத்துட்டு வா போதும்னு சொல்லிருக்கேன். சரிதான?"

நான் "சரிம்மா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன் லைல். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். கர்ட்டிஸ் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தான், அவன் கார் என்ஜின் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

நானே இரண்டு சிலிண்டர் வாங்கிக்கொண்டு போய்விடலாம், சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். புதன் காலையில் சிலிண்டர் கடையில் தெருவரை வரிசை. நான் கிளம்பவே பன்னிரண்டாகிவிட்டது. மலையடிவாரத்தில் மரம் விழுந்ததால், அவசர வண்டிகளுக்கு மட்டும் ஓரமாக வழிவிட்டு, பாதையை மறித்திருந்தார்கள். அங்கே நின்றுகொண்டிருந்தபோது ஒரு ஆம்புலன்ஸ் மேலேயிருந்து வந்து என்னைத் தாண்டிப் போனது. நான் ஒதுங்கி வழிவிட்டேன். அதற்குள்தான் இரண்டு பேரும் இருந்தார்கள்.

அன்று காலை ஒன்பது மணிக்கே லைனை அணைத்துவிட்டிருந்தார்கள். இரண்டு மெஷினும் நின்றுவிட்டன. வெளியே நல்ல வெயில். கூரை முழுக்கப் பேனல் மின்னுகிறது, பெட்டியில் பச்சை விளக்கு இல்லை. அம்மா போய் சுவிட்சை அணைத்துப் போட்டிருக்கிறாள், அணைத்துப் போட்டிருக்கிறாள். ஓப்பல், "வெர்னா, மூச்சு முட்டுது, யாரையாவது கூப்புடு" என்றாளாம். அம்மா, "பொறு ஓப்பல், இப்ப வந்துரும். எம்பொண்ணு சொன்னா சொன்னதுதான்" என்றாளாம். இரண்டு மணி நேரம் லைல். பிறகு போனை எடுத்தால் அதுவும் செத்துக் கிடக்கிறது. வீட்டில் இருந்த ஒரே சிலிண்டரை ஓப்பலுக்கு மாட்டிவிட்டு, மூச்சுக்கு ஒன்றும் இல்லாமல் ரோட்டுவரை நடந்து போயிருக்கிறாள். தபால்பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தவளை ஒரு கேஸ் லாரிக்காரர் பார்த்து வண்டியை நிறுத்தினார். ஓப்பல் ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை.

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். கர்ட்டிஸ் மருத்துவமனைக்கு வந்தான். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மேல தப்புப்பா. எம்பொண்ணு சரியாத்தான் வச்சுக் குடுத்தா. எனக்குத்தான் எந்த சுவிட்சப் போடணும்னு தெரியல. உங்கம்மாவ நாந்தான் கொன்னுட்டேன்" என்றாள். அவன் கையை உருவிக்கொண்டு போய்விட்டான். ஊரில் யாரும் அம்மாவோடு பேசுவதில்லை. இறுதிச் சடங்கில் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாளாம்.

தினமும் போன் பண்ணுகிறாள். "எந்த சுவிட்சுடி அது? எடதுபக்கமா, வலதுபக்கமா? நான் எதப் போடாம விட்டேன்?" என்று கேட்கிறாள். அப்புறம் சொல்கிறேன் அம்மா, தூங்கு என்கிறேன். நான் என்ன செய்யட்டும்? நீயே சொல்.

ரொவீனா


பைன் ஹாலோ முகாம்
நவம்பர் 4, திங்கள்

அக்கா,

நான் நேற்றுதான் முகாமுக்குத் திரும்பினேன். உடம்பு நலம். உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். உன்மேல் வருகிற கோபத்தில் பாதி எனக்கும் சேர வேண்டும். ஜூலையில் அம்மா என்னைப் பொறாமைக்காரன் என்றதும் நான் ரோஷப்பட்டு அவளுக்கு எழுதுவதை நிறுத்தினேன். செப்டம்பரில் நீ கும்பிட்டுக் கேட்டதும் சும்மா இருந்துவிட்டேன். பத்துக் கடிதம் போட்டிருந்தால் பதினொன்றாவதை நம்பியிருப்பாளோ என்னவோ. ஓப்பல் எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பேருந்து ஓட்டியவள்.

நீ இன்னும் அந்த அட்டையைக் கழுத்தில் போட்டிருக்கிறாயா என்று கேட்க மாட்டேன். அந்த நாலு வீட்டுக்கும் சொல்லிவிட்டாயா என்றும் கேட்க மாட்டேன். கேட்டால் வேறு எதையாவது எழுதுவாய்.

இன்று இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று இது. இன்னொன்று அம்மாவுக்கு. எந்த சுவிட்சும் இல்லை, எதைப் போட்டிருந்தாலும் வந்திருக்காது, ஓப்பலை அவள் கொல்லவில்லை என்று எழுதியிருக்கிறேன். ஏன் என்பதையும் எழுதியிருக்கிறேன். உன் செப்டம்பர் கடிதத்தையும், சுவிட்சைப் பற்றி எழுதிய அக்டோபர் கடிதத்தையும் அதற்குள் வைத்து ஒட்டிவிட்டேன். இந்த முறை என் வார்த்தையை அவள் நம்ப வேண்டியதில்லை, உன் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

இரண்டும் ஒரே பையில்தான் போகின்றன. சேக்ரமென்டோவுக்கு வியாழக்கிழமை வந்துவிடும். மலைக்கு ஒரு நாள் கூடுதலாக ஆகும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தபால் வண்டி வீட்டு வாசலுக்கு வரும். அம்மா குழாயை மாட்டிக்கொண்டு தானே போய் எடுப்பாள்.

இதைப் படித்து முடித்ததும் காரை எடு. பாதை இப்போது திறந்துதான் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லைல்